எண்ணூறு மீட்டரும் மூன்று வருஷமும்

எங்கள் ஊரில் பிறந்த ஒருவர் காலேஜில் பாடம் தேர்ந்தெடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டில் வசதி போதாது. அதே காலேஜில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்தார். அத்தனையும் தத்துவப் புத்தகங்கள். புத்தகம்தான் ஓசியில் வந்துவிட்டதே என்று நம்மவரும் தத்துவமே எடுத்துக்கொண்டார். பிற்பாடு ஜனாதிபதியானார். டாக்டர் ராதாகிருஷ்ணன், பிறந்தது 1888, திருத்தணி. அந்த உறவுக்காரர் மட்டும் தாவரவியல் படித்தவராக இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

திருத்தணியில் இன்றைக்கும் காலேஜ் தேர்வு ஏறக்குறைய இந்த முறையில்தான் நடக்கிறது. எந்த ரயிலில் கூட்டம் குறைவு, யார் வீட்டுப் பெண் அங்கே படிக்கிறாள், சித்தப்பா வீடு எத்தனை கிலோமீட்டர் - இந்த மூன்றையும் கூட்டினால் காலேஜ் பெயர் வந்துவிடும். நான் பி.காம். படித்ததற்கு என்ன காரணம் என்கிறீர்கள்? அடித்தல் திருத்தல் வந்தால் இருக்கட்டுமே என்று என் சிநேகிதன் இரண்டு அப்ளிகேஷன் வாங்கினான். அடித்தல் வரவில்லை. மிச்சமான ஒன்று எனக்கு வந்தது. அவன் பி.காம். என்று எழுதினான். அழகான கையெழுத்து. நானும் பார்த்து எழுதினேன்.

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் தெருவில், ஒரு பெண்ணுக்கு ஒரே சமயத்தில் நான்கு காலேஜ்கள் ஆள்மேல் ஆள் விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

பெண்ணின் பெயர் வேண்டாம். இன்னும் ஓட வேண்டிய பெண். அப்பா விசைத்தறியில் வேலை. அம்மா வீட்டிலேயே பூ கட்டிக் கொடுப்பார். பிளஸ் டூ படிக்கும் இந்தப் பெண்ணை அவளுடைய பி.டி. வாத்தியார் விடியற்காலையில் மலைப் படியில் ஏற்றி ஏற்றி இறக்குவார். திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பது கணக்கு. டிசம்பர் 31-ஆம் தேதி படித் திருவிழாவில் படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பூஜை செய்வார்கள். அப்படிப்பட்ட படியில் ஒரு பெண் மூச்சிரைக்க ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பாட்டி நிறுத்தியே கேட்டுவிட்டாராம்.

"என்னம்மா வேண்டுதல்?"

"ஸ்டேட் மீட்டு பாட்டி."

"நல்லாரு. எந்த ஊர்ச் சாமி அது?"

அந்த ஸ்டேட் மீட்டுக்கு நானும் போயிருந்தேன். சென்னை நேரு ஸ்டேடியம். பெண்ணின் அம்மாவுக்குத் துணையாக என் மனைவி, என் மனைவிக்குத் துணையாக நான். அப்பாவுக்குத் தறியில் லீவு கிடைக்கவில்லை.

இந்த எண்ணூறு மீட்டர் ஓட்டம் இருக்கிறதே, அதைப் போல ஒரு கொடுமை கிடையாது. நூறு மீட்டர் கண்ணைக் கசக்குவதற்குள் முடிந்துவிடும். மாரத்தான் என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துகூடப் பார்க்கலாம். எண்ணூறு இரண்டிலும் சேர்த்தி இல்லை. முழு வேகத்தில் ஓடினால் முடிக்க முடியாது. மூச்சை மிச்சம் பிடித்தால் முந்த முடியாது. மைதானத்தை இரண்டு சுற்று. முதல் வளைவு வரைக்கும் அவரவர் கோட்டுக்குள் ஓட வேண்டும். வளைவு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகு யார் வேண்டுமானாலும் உள்பக்கம் வரலாம். தாண்டுவதற்கு முன்னால் வந்தால் போயிற்று. இந்தக் கோட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எங்கள் பெண்ணுக்கு எட்டாவது தடம், கடைசி. வெளிவட்டம் பெரிது என்பதால் அந்தத் தடத்துக்காரரை முன்னால் தள்ளி நிற்க வைப்பார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. "பாத்தீங்களா, நம்ம பொண்ணை எல்லாருக்கும் முன்னாடி நிக்க வெச்சிருக்காங்க. நல்ல மனுசங்க" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எனக்கு மறுக்க மனசு வரவில்லை.

துப்பாக்கி சத்தம் கேட்டது. வளைவு முடிந்து எல்லாரும் உள்ளே வந்ததும் பார்த்தால் நம் பெண் கடைசிக்கு முந்தின ஆள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்றார். முதல் சுற்று முடிந்து மணி அடித்தபோது ஆறாவது. இதற்கு முன் அவள் அந்த சிந்தடிக் தரையில் கால் வைத்ததே இல்லை. பள்ளிக்கூட மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே ஓடிப் பழகியவள். காலில் இருந்தது சீனியர் பெண் ஒருத்தி இரவல் கொடுத்த ஸ்பைக்ஸ், அரை சைஸ் பெரிசு. முனையில் பஞ்சு.

எதிர்ப்பக்க நேர்ப்பாதையில்தான் அது நடந்தது. முன்னால் ஓடிய பெண்களின் தோள் எல்லாம் மேலே ஏறத் தொடங்கியது. களைத்தால் தோள் காதுப்பக்கம் ஏறும் என்று பி.டி. வாத்தியார் பிறகு சொன்னார். இவள் தோள் ஏறவில்லை. 365 படி ஏறி இறங்கிய கால் அது. ஐந்தாவது ஆனாள். வளைவில் நான்காவது. கடைசி ஐம்பது மீட்டரில் இன்னொரு பெண்ணைத் தாண்டி மூன்றாவது! கோட்டைத் தாண்டி விழுந்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அம்மா மெல்லக் கண்ணைத் திறந்து, "முடிஞ்சிதா?" என்றார்.

பி.டி. வாத்தியார் ஓடி வந்தார். நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் குறித்து வைத்திருந்தார். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. ஆனாலும் ரயிலில் திருவள்ளூர் தாண்டுகிற வரைக்கும் அந்தக் கையையே விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"மூணாவது வந்ததுக்கா இத்தனை போன்?" என்று தெருவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நான் ஒரு அமெரிக்கக் கதை சொன்னேன். ஜிம் ரியுன் என்று கன்சாஸ் மாநிலத்துப் பையன். 1964 ஜூனில், பதினேழு வயதில், பெரியவர்களோடு ஒரு மைல் ஓடினான். எட்டாவதாக வந்தான். ஆனால் அவன் நேரம் 3 நிமிடம் 59 வினாடி. நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் பள்ளிக்கூட மாணவன் அவன்தான். முதலில் வந்த ஏழு பேரை இன்றைக்கு யாருக்கு ஞாபகம்? எட்டாவது ஆளுக்காகக் காலேஜ்கள் கியூவில் நின்றன. அவனோ தனக்குப் பள்ளியில் பயிற்சி கொடுத்த டிம்மன்ஸ் வாத்தியார் எந்த யுனிவர்சிட்டிக்கு வேலைக்குப் போனாரோ, அங்கேயே போய்ச் சேர்ந்தான். சொந்த மாநிலம்தான். 1966-ல், பத்தொன்பது வயதில், மைல் ஓட்டத்தில் உலக சாதனை: 3 நிமிடம் 51.3 வினாடி.

"அப்ப நம்ம பி.டி. வாத்தியாரு எந்த காலேஜிக்குப் போறாரு?" என்றார் அவர். நம் பி.டி. வாத்தியார் எங்கேயும் போகவில்லை. இதே பள்ளிக்கூடத்தில் ரிடையராகப் போகிறவர்.

எங்கள் தெரு கூடியது. நீங்கள் எல்லைப்புற ஊர்க்காரராக இருந்தால்தான் இந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று புரியும். திருத்தணி 1960 ஏப்ரல் மாதம்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். கோடு மாறியதே தவிர சம்பந்தம் மாறவில்லை. யாருக்கும் ஒரு கால் நகரியில், ஒரு கால் அரக்கோணத்தில். நகரிப் பெரியப்பா வந்து, "திருப்பதி காலேஜிலே சேத்துடுங்க. வெங்கடாசலபதி பாத்துக்குவாரு. தெலுங்கு நமக்கென்ன புதுசா?" என்றார். சென்னை அத்தை போனிலேயே கத்தினார்: "நான் எதுக்கு இருக்கேன் இங்க?" கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு காலேஜ், பேசவே ஆள் அனுப்பியது. வந்தவர் காரில் வந்ததால் தெருவில் அவருக்கு ஆதரவு அதிகம். பெண்ணின் அம்மா மட்டும் ஒரே பிடியாக, "நம்ம ஊரு கவர்மெண்ட் காலேஜி என்ன கொறச்சலு? ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்புடும்" என்றார்.

பெண்ணின் அப்பா பேசவே இல்லை. கூட்டம் கலைந்த பிறகு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீங்க பி.காம். படிச்சவரு. கணக்குப் போட்டு சொல்லுங்க. எல்லாரும் ஃபீஸ் இல்ல, சாப்பாடு ஃப்ரீன்றாங்க. எதுக்கு ஃப்ரீ? ஓடறதுக்கு. ஓடலன்னா?"

நான் முழித்தேன்.

"தறியில இழை அறுந்தா நிறுத்தி முடி போட்டுட்டு ஓட்டிக்கலாம். இவளுக்கு ஒரு இழை அறுந்தா?"

படித்த பி.காமுக்கு இப்படி ஒரு கணக்கு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. ஆனால் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷினை வாங்கின அன்றைக்கே அது எத்தனை வருஷத்தில் தேயும் என்று எழுதி வைத்துவிட வேண்டும். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு இருக்கிறது. கால் இந்த இரண்டிலும் தேயாது. இருக்கிற வரைக்கும் முழுசாக இருக்கும், போகிற அன்றைக்கு மொத்தமாகப் போகும். அப்படியானால் காலுக்கு எதிர்ப்பக்கத்தில் வேறு எதையாவது எழுதிக்கொண்டே வந்தாக வேண்டும்.

பழைய பேரேட்டைப் பார்க்காமல் புதுக் கணக்கு எழுதக் கூடாது என்பார்கள். நம் தென்னாட்டுப் பெண்களின் எண்ணூறு மீட்டர் பேரேட்டை இரண்டு ராத்திரி உட்கார்ந்து புரட்டினேன். திக்கென்றது.

ஷைனி ஆபிரகாம், கேரளத்துத் தொடுபுழாக்காரர். பள்ளிக்கூடத்திலேயே விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து, பாலா அல்போன்சா கல்லூரியில் படித்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் எண்ணூறு மீட்டர் அரையிறுதிக்குப் போனபோது வயது பத்தொன்பது. 1985-ல் ஜகார்த்தாவில் ஆசிய சாம்பியன். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இவர்தான் முதலில் ஓடி வந்தார். ஆனால் தங்கம் கிடைக்கவில்லை. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே அந்தக் கோடு, அதைத் தாண்டுவதற்கு முன்னாலேயே தடம் மாறிவிட்டார் என்று நீக்கிவிட்டார்கள். இரண்டு சுற்று ஓடியது, ஜெயித்தது எல்லாம் சில அடி தூரத்தில் போயிற்று.

கோமதி மாரிமுத்து, திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம். விவசாயக் கூலிக் குடும்பம். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் படிக்கும்போதுதான் ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். பிறகு வருமான வரித் துறையில் வேலை. 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம், 2 நிமிடம் 2.70 வினாடி. ஊரே கொண்டாடியது, நானும்தான் பட்டாசு வெடித்தேன். அப்புறம் ஊக்கமருந்துச் சோதனையில் நாண்ட்ரலோன் என்று முடிவு வந்தது. நான்கு வருஷத் தடை. தங்கம் திரும்பிப் போயிற்று.

மூன்றாவது சாந்தி சௌந்தரராஜன். இவர் கதையில்தான் நான் ராத்திரி ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை. தம்பி தங்கைகளை இவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தாத்தா ஓடச் சொல்லிக் கொடுத்தார், பதின்மூன்று வயதில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தார். முதல் போட்டியில் கிடைத்த பரிசு ஒரு தகரக் கோப்பை. ஓட்டத்தைப் பார்த்த பக்கத்துப் பள்ளிக்கூடக் கோச் ஒருவர் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். அங்கே ஃபீஸ் கிடையாது, யூனிஃபார்ம் உண்டு, மத்தியானம் சூடான சாப்பாடு உண்டு. அந்தச் சாப்பாட்டின் அருமை நமக்குப் புரியாது. ஓடுவதால் ஓர் ஏழைக் குழந்தைக்கு வருகிற முதல் சம்பளம் அதுதான். பிறகு புதுக்கோட்டைக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப், அடுத்த வருஷம் சென்னைக் கல்லூரிக்கு மாற்றம். 2005-ல் இன்சியானில் ஆசிய சாம்பியன்ஷிப் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டர் வெள்ளி, 2 நிமிடம் 3.16 வினாடி.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாலினச் சோதனை என்றார்கள், தேறவில்லை என்றார்கள், மெடலை வாங்கிக்கொண்டார்கள். அவர் மருந்து சாப்பிடவில்லை, கோடு தாண்டவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அதை உலகத்துக்கெல்லாம் பேப்பரில் போட்டார்கள். தமிழக அரசு அப்போது பதினைந்து லட்ச ரூபாய் கொடுத்தது. ஊரில் குழந்தைகளுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் 2012-ல் அப்பா அம்மா வேலை செய்த அதே மாதிரி செங்கல் சூளையில், நாள் கூலி இருநூறு ரூபாய்க்குக் கல் சுமந்தார். அந்தப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அங்கிருந்து அவரைத் தூக்கிவிட்டது எது? மெடலா? அது எப்போதோ போய்விட்டது. பெங்களூரில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் கோச்சுக்கான டிப்ளமா படித்தார். அதை முடித்த பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை. கையில் ஒரு காகிதம் இருந்தது, வேலைக்குப் போனார். ஷைனியும் அப்படித்தான். சியோலில் தங்கம் போனால் என்ன, இந்திய உணவுக் கழகத்தில் வேலை இருந்தது. சென்னையில் குடும்பம், கல்யாணம், குழந்தை. 1995-ல் இதே சென்னையில் தெற்காசியப் போட்டியில் 1 நிமிடம் 59.85 வினாடியில் ஓடி அவர் வைத்த தேசிய சாதனை 2010 வரை அசையவில்லை. மாசச் சம்பளம் வருகிற வீட்டிலிருந்து போய் ஓடினார். தாயான பிறகு, முப்பது வயதில்!

மூன்று பெண்கள், மூன்று மெடல்கள், மூன்று வெவ்வேறு காரணங்கள். மூன்றும் கையை விட்டுப் போயிருக்கிறது. எங்கள் படிப்பில் இதற்கு ஐயக்கடன் என்று பெயர். வந்தால் வரும். வரவே வராது என்றில்லை, ஆனால் அதை நம்பிச் செலவு எழுதக் கூடாது.

விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். "அண்ணே, எந்த காலேஜ்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல என்ன கேக்கணும்னு பாப்போம்."

நானும் அவரும் பெண்ணுமாக உட்கார்ந்து எழுதினோம். முட்டியில் அடிபட்டு ஒரு வருஷம் ஓட முடியாமல் போனால் ஹாஸ்டலும் சாப்பாடும் இருக்குமா, இல்லை பெட்டியைக் கட்டச் சொல்வார்களா? இது அப்பாவின் கேள்வி, முதலில் இருக்க வேண்டும் என்றார். செமஸ்டர் பரீட்சை அன்றைக்கே போட்டி வந்தால் தனியாகப் பரீட்சை வைப்பார்களா? அட்டெண்டென்ஸ்? இது என் கேள்வி. விரும்புகிற பாடம் கிடைக்குமா, அல்லது வேறு யாரும் சேராமல் காலியாகக் கிடக்கிற பாடத்தில் தள்ளுவார்களா? விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த பல பிள்ளைகள் எதைப் படித்தோம் என்றே தெரியாமல் வெளியே வருகிறார்கள். யாரைக் கேட்டாலும் மழுப்புவார்களே தவிரச் சொல்ல மாட்டார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, பெற்றோர்கள் அதிகம் கவனிப்பதில்லை. விளையாட்டுக் கோட்டாவில் மத்திய அரசு வேலைக்குப் போகும்போது நீங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கோப்பையை யாரும் பார்க்க மாட்டார்கள். படிவம் கேட்பார்கள். நாட்டுக்காக ஓடினால் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஓடினால் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் 3, தேசியப் பள்ளிப் போட்டி என்றால் 4. காலேஜ் பெண்ணுக்குக் கைக்கு எட்டுகிற கிளை இந்த மூன்றாம் நம்பர்தான். அதற்குக் காலேஜ் பெரிசா சின்னதா என்பது கணக்கில்லை. எந்தப் பல்கலைக்கழகத்து அணியில் இடம் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. எங்கள் ஊர் அரசு கலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். ஏ.எல். முதலியார் பெயரில் நடக்கிற பல்கலைக்கழகத் தடகளப் போட்டியில் சென்னையின் பெரிய காலேஜ் பெண்ணுக்குப் பக்கத்துத் தடத்திலேயே திருத்தணிப் பெண்ணும் நிற்கலாம். இதைச் சொன்னதும் பெண்ணின் அம்மா, நான் அன்றே சொன்னேனே என்கிற மாதிரி தெருவையே ஒரு பார்வை பார்த்தார்.

நியாயமாகச் சொன்னால் அம்மாவின் கட்சி பலமான கட்சி. ஆனால் ஓடுகிற பெண்ணுக்கு இன்னொரு ஓடுகிற பெண் வேண்டும். தனியாகப் படி ஏறி மாநிலத்தில் மூன்றாவது வரலாம், அதற்கு மேலே போகத் தோளோடு தோள் உரச நாலு பேர் வேண்டும் என்று பி.டி. வாத்தியாரே சொல்லிவிட்டார். தன்னிடம் இருந்தது அவ்வளவுதான் என்று ஒரு வாத்தியார் வாயால் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் காபி ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேள்விகளை நான்கு காலேஜுக்கும் அனுப்பினோம். கார் அனுப்பியவர்கள் போனில், "முதல்ல ஜாயின் பண்ணச் சொல்லுங்க சார், எல்லாம் பேசிக்கலாம்" என்றார்கள். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பதியிலிருந்து மரியாதையான பதில்தான். ஆனால் அங்கே சேர்ந்தால் அவர்கள் பல்கலைக்கழகத்து அணிக்கு ஓட வேண்டும், நம் ஊரில் கிடைத்த பழக்கம் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். நகரிப் பெரியப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். மூன்று நாள் போன் எடுக்கவில்லை.

சென்னைக் காலேஜ் ஒன்றின் உடற்கல்வி இயக்குநர், ஒரு அம்மா. அவரே கூப்பிட்டார். "இந்தக் கேள்வியெல்லாம் யாரு எழுதினது?" என்று கேட்டார். கோபமோ என்று பயந்து, "பொண்ணோட அப்பா மேடம்" என்றேன். "முதல் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. நேரில் வரச் சொல்லுங்க."

போனோம். அடிபட்டால் அந்த வருஷம் முழுக்க சீட்டும் ஹாஸ்டலும் போகாது என்று காலேஜ் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காமர்ஸ் உண்டு, ஆனால் காலை வகுப்புக்குத் தூங்கி வழிந்தால் தான் பொறுப்பில்லை என்றார். பிறகு பெண்ணைப் பார்த்து, "உனக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார். அதுவரை வாயே திறக்காத பெண் கேட்டது:

"சாயந்திரம் பிராக்டீஸ் முடிச்சிட்டு வர ஏழரை ஆயிடும். மெஸ்ல அப்ப மிச்சம் இருக்குமா மேடம்?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து எங்களை நேரே மெஸ்ஸுக்கே அழைத்துப் போனார். சமையல்காரரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கெல்லாம் எப்ப எடுத்து வைக்கறீங்க?" என்றார். அவர் மூடி போட்ட ஒரு அடுக்கைக் காட்டினார். ஓடுகிற பிள்ளைகளுக்கென்று தனி அடுக்கு, மூடியில் சாக்பீஸால் ஒரு ஷூ படம். பெண் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். முடிந்தது தேர்வு.

பி.காம்.தான் சேர்ந்திருக்கிறாள். நான் சொல்லிச் சேரவில்லை, கணக்கு அவளுக்கு வருகிறது. எனக்குத்தான் ஆபத்து. முதல் வாரமே பேங்க் ரீகன்சிலியேஷனில் ஒரு சந்தேகம் என்று வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினாள். இரண்டு நாளாக நான் "கொஞ்சம் பிசி" என்று பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெண்ணின் அம்மா இப்போதே என் மனைவியிடம் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் காலேஜ் மேடம் நல்ல மாதிரியாம், சொன்னால் கேட்பாராம். நான்தான் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம்.

"போன தடவ மாதிரியே, எல்லாருக்கும் முன்னாடி நிக்க வெப்பாங்களே, அந்தக் கடைசி லைனையே குடுக்கச் சொல்லுங்க."